சித்திரம் பயின்ற மாணவரும் சென்னை மாநகரும்

சென்னை சென்று மீண்ட நேயர்கள் பலர் மெரீனாக் கடற்கரையிலே உழைப்பாளர் சிலையைக் கண்டிருப்பர். நால்வர் கூடிப் பெரும் பாறையொன்றைப் பெயர்க்க முனையும் அவ்வுருவங்கள் 1959ஆம் ஆண்டு அங்கே நிறுவப்பெற்றன. அவற்றைப் படைத்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. சென்னை அரசினர் கலை, கைத்தொழிற் பள்ளியின் தலைவராக 1929 முதல் 1957 வரை விளங்கியவரும் அவரே. உழைப்பைப் போற்றிச் சிலை எடுத்த அந்நகரத்திலே, சிலை செய்யவும் சித்திரம் தீட்டவும் கற்று வெளியேறிய இளைஞரின் உழைப்புக்குக் கிடைத்த ஊதியம் யாது? இவ்வினாவுக்கு விடை தேடின், நூறாண்டுக்கு மேற்பட்டதொரு வரலாறு நம்முன் விரிகின்றது.

அப்பள்ளியை 1850இல் தொடக்கியவர் அலெக்சாந்தர் ஹண்டர் என்னும் வைத்தியர். சில ஆண்டுகளில் அரசாங்கம் அதன் பொறுப்பை ஏற்றது. மாணவரைப் பெரும் ஓவியராக்குதல் அக்காலத்து நோக்கமன்று. மட்பாண்டம், மரவேலை, உலோகவேலை, அச்சுச் சித்திரம் முதலியவற்றில் தேர்ந்த தொழிலாளரை உருவாக்கி, அவர்தம் பொருள்களைச் சந்தைக்கு ஏற்றனவாகச் செய்தலே குறிக்கோள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனற் மண்டபத்தை வகுத்த கட்டடக் கலைஞர் றொபேட் சிஷோம் பிற்காலத்தில் இப்பள்ளியை நடத்தினார். அல்பிரட் சாட்டர்ட்டன் என்னும் பொறியியலாளரின் முயற்சியால் 1898இல் இங்கே அலுமினியப் பாத்திரங்கள் செய்யும் தொழில் தொடங்கியது. இன்று நம் அடுக்களைகளில் எளிதாய் வழங்கும் அப்பாத்திரத்தின் இந்திய வரலாற்றில் ஒரு சித்திரப் பள்ளிக்கும் இடமுண்டு என்பது வியப்பன்றோ?

ராய் சௌத்ரி தலைமை ஏற்றபின் பள்ளியின் போக்கு மாறிற்று. தொழிற்பட்டறையின் இடத்தை ஓவியமும் சிற்பமும் கைக்கொண்டன. கைத்தொழில் கீழ், கலை மேல் என்னும் எண்ணம் மாணவரிடையே வேரூன்றியது. தந்தித் திணைக்களத்து உத்தியோகத்தைத் துறந்து, 1936இல், தமது இருபத்தைந்தாம் வயதில், மாணவராய் வந்து சேர்ந்தார் கே. சி. எஸ். பணிக்கர். அவர் 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தை நிறுவினார். 1957இல், தம் ஆசிரியரின் பின் பள்ளித் தலைமையையும் ஏற்றார். கற்பிக்கும் பொறுப்போடு, கற்றோரின் வாழ்வு பற்றிய கவலையும் அவரைச் சேர்ந்தது.

அக்கவலைக்குக் காரணம் இல்லாமலில்லை. 1951இல் ஏறத்தாழ 14 இலட்சம் மக்களைக் கொண்டிருந்த சென்னை, 1961இல் 17 இலட்சத்தைக் கடந்து வளர்ந்தது. கோடம்பாக்கத்துப் படப்பிடிப்பு நிலையங்களும், பத்திரிகைகளும், விளம்பரத் தொழிலும் பெருகின. ஆயினும், ஓவியத்தை விலைகொடுத்து வாங்கும் வழக்கம் அந்நகரில் அரிது. காட்சிக் கூடங்களும் அரியன. திறமையாளர் சிலர் நெசவாளர் சேவை நிலையத்தில் துணிகளுக்கு உருவரைகள் வரையும் பணியில் அமர்ந்தனர். பின்னாளிற் புகழ்பெற்ற ஆதிமூலம் அவர்களுள் ஒருவர். வேலை வாய்க்காதோரில் எத்தனையோ பேர் தூரிகையைக் கீழே வைத்து வேறு பிழைப்பைத் தேடினர். ஐந்தாறு ஆண்டு பயின்ற கை, ஓராண்டு வறுமையில் அடங்கிப் போயிற்று.

பணிக்கரும் அவர்தம் மாணவரும் இதற்குக் கண்ட வழி எளியது; ஆயின் துணிவானது. கலை சோறு போடாதெனில், கைப்பணி சோறு போடட்டும். அச்சோற்றின் வலிமையில் கலை வாழட்டும் என்றனர். அவர்கள் முதன்மையாய்க் கைக்கொண்டது பத்திக். யாவாவிலிருந்து பரவி, எமது நாட்டிலும் வேரூன்றிய அத்தொழிலை நேயர்கள் நன்கறிவர். துணியிலே உருகிய மெழுகால் வரைந்து, சாயத்தில் தோய்த்து, பின் மெழுகை நீக்குவர். மெழுகு மூடிய இடம் சாயம் ஏறாது நிற்கும். கோடு வரையும் கைத்திறனும் நிறத்தை இணைக்கும் அறிவும் உடைய ஓவிய மாணவனுக்கு இது இயல்பாய் வந்தது. தோல்வேலை, மட்பாண்டம், உலோக அணிகள் என்பனவும் தொடர்ந்தன. ஓவியர் கைப்பணிச் சங்கம் என ஒன்று கூடி, விற்பனையில் ஒரு பகுதியைப் பொதுநிதியில் இட்டனர். அப்பணத்தைக் கொண்டு, 1966இல், சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கம் என்னும் கடலோரச் சிற்றூரில் ஏறத்தாழ 10 ஏக்கர் நிலம் வாங்கினர்.

மணலும் சவுக்கும் நிறைந்த அந்நிலத்துக்குச் சோழமண்டலம் எனப் பெயரிட்டனர். கோரமண்டல் என ஐரோப்பியர் திரித்து வழங்கிய கரைக்கு அதன் பழைய பெயரே மீண்டது. சுல்தான் அலி, ஹரிதாசன், வாசுதேவ், பணிக்கரின் மைந்தர் நந்தகோபால் முதலியோர் அக்குழுவிற் சேர்ந்தனர். பகலிற் கைப்பணி, எஞ்சிய பொழுதில் கலை என வாழ்ந்தவர்களிடம் எதிர்பாராத விளைவொன்று தோன்றிற்று. கைப்பணி கலைக்கு உணவளித்ததோடு அமையாது, அதன் உருவையும் மாற்றியது. கோயில் விக்கிரகங்களுக்குக் கவசம் அடிக்கும் தகட்டுவேலை முறையைக் கொண்டு, செப்புத் தகட்டிலே புதுமைச் சிற்பங்களை ஆக்கினார் ஜானகிராம். மேலெனவும் கீழெனவும் பிரித்த இரண்டும் ஒரே பட்டறையில் ஒன்றாயின. ஹண்டர் சந்தைக்காக வளர்க்க முயன்ற கைத்தொழில், நூறாண்டு கழிந்தபின், கலைஞனைச் சந்தையின் பிடியிலிருந்து விடுவிக்கும் கருவியானது!

பணிக்கர் 1977இல் மறைந்தார். ஓவியங்களுக்கே வாங்குவோர் தோன்றிய காலத்தில் பத்திக்கின் தேவை குறைந்தது. அதற்குள் நகரமே அவர்களைத் தேடி வந்துவிட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமாயிற்று. மாளிகைகளும் உணவகங்களும் எழுந்தன. 2011இல் ஈஞ்சம்பாக்கம் மாநகராட்சியின் எல்லைக்குள் அடங்கியது. மலிவாய்க் கிடைத்த மணல்வெளி இன்று இளங் கலைஞன் எவனும் நினைத்துப் பார்க்கவும் இயலாத விலையுடையது. சென்னை ஓவிய இயக்கத்தின் படைப்புகளைக் காக்கும் காட்சிச்சாலையொன்று 2009இல் அங்கே திறக்கப்பெற்றது. முன்னோரின் ஆக்கங்களுக்கு நிழல் கிடைத்தது நன்றே. ஆனால், ஹண்டரின் பள்ளி இன்று அரசினர் கவின்கலைக் கல்லூரியாய் நின்று, ஓவியத்தோடு துணி, மட்பாண்டம் ஆகியவற்றின் வடிவமைப்பையும் கற்பித்து ஆண்டுதோறும் அனுப்பும் இளைஞருக்கு அந்நிழல் எட்டுமா?

ஒரு நகரம் கலைப் பள்ளியை நிறுவுவதோடு தன் கடமை முடிந்ததென எண்ணுதல் எளிது. கைகளைப் பழக்கிவிட்டு, அவை இயங்க இடமும், உண்ண வழியும் காட்டாதுவிடின், அப்பழக்கம் வீணே. சென்னையின் மாணவர் அவ்விடத்தைத் தம் கையாலேயே தேடிக்கொண்டனர். அது அவர்தம் பெருமை. அவ்வாறு தேட நேர்ந்தது நகரத்துக்குப் பெருமையன்று. வளரும் நகரம் எதுவாயினும், நிலத்தின் விலை ஏறுமுன்னரே தன் இளங் கலைஞருக்கென ஒரு துண்டு மணலை ஒதுக்கிவைக்குமாயின், அதுவே சோழமண்டலத்தின் வரலாற்றைப் படித்ததன் பயனாகும்.