வாசலில் நிற்கும் பாட்டு

கல்வராயன் மலைமேல் மழை இருட்டிக்கொண்டு வந்த ஒரு மாலை, கள்ளக்குறிச்சியில் நண்பர் ஒருவர் வீட்டில் ஓர் இசைத்தட்டுக் கேட்டேன். ‘போர்கி அண்ட் பெஸ்’ என்பது ஜார்ஜ் கெர்ஷ்வின் இசையமைத்து 1935இல் மேடையேறிய இசை நாடகம். அதன் பாட்டுகளை 1958இல் ஜாஸ் வித்வான் மைல்ஸ் டேவிஸ் வாத்திய கோஷ்டியோடு டிரம்பெட்டில் வாசித்திருக்கிறார். சாகித்யம் கிடையாது, வெறும் ஊதல்தான். கறுப்பர்களின் வாழ்க்கையைப் பற்றி வெள்ளையர்கள் எழுதிய நாடகம் அது. கறுப்பரான டேவிஸ் வாசிக்கும்போது, பாட்டு உரியவர் வீட்டுக்கே திரும்பிவிட்டது போலிருந்தது.

எனக்கு நந்தனார் ஞாபகம் வந்தது. சேரியில் பிறந்த நந்தனின் கதையை, அந்தணரான கோபாலகிருஷ்ண பாரதியார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கீர்த்தனைகளாகப் பாடினார். காலட்சேபம், நாடகம், 1935இல் கே. பி. சுந்தராம்பாள் நடித்த சினிமா என்று வளர்ந்து, அந்தக் கீர்த்தனைகள் கச்சேரி மேடைக்கும் வந்தன. மாஞ்சி ராகத்தில் ‘வருகலாமோ’ தொடங்கினால் சபையே நிமிர்ந்து உட்காரும். “பேஷ்!” என்போம். எட்ட நின்று, அருகே வர அனுமதி கேட்பவனை யார் நினைத்தோம்?

மதுரை மீனாட்சி கோயிலில் தாழ்த்தப்பட்டோர் நுழைந்தது 1939இல். சென்னை மாகாணம் முழுவதற்கும் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947இல். அதற்கு முன்பும் அந்தப் பாட்டை உருகி உருகி ரசித்தவர்கள்தாம் நாம்!

நாடகத்திலிருந்து பாட்டைப் பிரித்து மேடைக்குக் கொண்டுவருவதில் தவறில்லை. பாத்திரத்தையும் கூடவே அழைத்து வர வேண்டும். டேவிஸ் வார்த்தையே இல்லாமல் அதைச் செய்தார். நமக்கோ வார்த்தையும் இருக்கிறது.