சோழிக் கணக்கிலிருந்து விண்வெளிக் கதை வரை

தமிழில் விண்வெளி பற்றிய நூல்களின் வரலாற்றைப் பேசுவோர் பெரும்பாலும் பெ.நா. அப்புசாமியில் தொடங்கி, சுஜாதாவில் சற்று நின்று, மயில்சாமி அண்ணாதுரையில் வந்து சேர்வார்கள். பஞ்சாங்கத்திலிருந்து சந்திரயான் வரை ஏறிக்கொண்டே போகும் படிக்கட்டாக அந்த வரலாறு சொல்லப்படுகிறது. ஏறிய படிகளை யாரும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால், வழியில் ஒன்று தவறிப்போயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும்வரை தமிழகத்திலும் யாழ்ப்பாணத்திலும் வான நூல் என்றால், அதைக் கற்றவர் அதைக் கொண்டு எதையாவது கணித்துச் சொல்ல முடியும். சந்திர கிரகணம் எந்த நாழிகையில் பிடிக்கும், எந்த நாழிகையில் விடும் என்று முன்கூட்டியே சொல்ல முடியும். இருபதாம் நூற்றாண்டில் அந்தக் கணக்கு இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி ஆங்கிலப் பாடநூலுக்குப் போயிற்று; மறுபாதி பஞ்சாங்கக்காரரிடமே தங்கிவிட்டது. தமிழில் அச்சான வானியல் நூலுக்கும் விண்வெளிக் கதைக்கும் வியப்பு மட்டுமே மிஞ்சியது. நமது அறிவியல் எழுத்தின் பெரிய இழப்பு இதுதான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

அந்தப் பழைய கணக்கு எப்படிப்பட்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும். வாக்கிய முறையில் சந்திரனின் இடத்தை அறிய 248 வாக்கியங்கள் மனப்பாடம் செய்யப்பட்டன. எழுத்துக்கு ஓர் எண் என்ற கடபயாதி முறையில் அமைந்த அந்த வாக்கியங்கள், நாளுக்கு ஒன்றாகச் சந்திரனின் நகர்வைத் தரும். 248 நாள் என்பது தற்செயலான எண் அன்று. சந்திரன் பூமிக்கு மிக அருகில் வந்து மீண்டும் அருகில் வரும் சுற்று ஒன்பது முறை நிறைவுறும் காலம் அது. இம்முறையை விளக்கும் 'வாக்கியகரணம்' பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிச் சம்ஸ்கிருதத்தில் எழுதப்பட்டது. அதன் ஆசிரியர் காஞ்சி வட்டாரத்தைச் சேர்ந்தவராக இருக்கலாம் என்பது அறிஞர் கருத்து. 1769இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரியில் காத்திருந்து, அந்த நேரத்தில் மேகம் மூடியதால் ஏமாந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தீல், கிரகணம் கணிக்கும் முறையை ஒரு தமிழரிடம் கற்றுக்கொண்டார். 1825இல் 'கால சங்கலித' என்ற காலக்கணக்கு நூலை வெளியிட்ட ஜான் வாரன், புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிப்பவர் ஒருவர் சோழிகளைத் தரையில் பரப்பி, ஏட்டைப் புரட்டாமல், நினைவில் இருந்த வாய்பாடுகளைக் கொண்டே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்ததைப் பதிவு செய்திருக்கிறார். 1952இல் இந்தப் பதிவைக் கையில் எடுத்த வரலாற்றாசிரியர் ஓட்டோ நியூகெபவர், பாபிலோனியக் கணித முறையின் சாயல் அதில் இருப்பதைக் காட்டினார்.

இங்கேயே ஒரு மறுப்பு எழும். அந்தப் பஞ்சாங்கக்காரருக்குத் தாம் செய்யும் கணக்கின் காரணம் தெரியவில்லை என்று வாரனே எழுதுகிறார். காரணம் தெரியாத கணக்கு அறிவியலாகுமா? பஞ்சாங்கம் நல்ல நேரம் பார்க்கத்தானே பயன்பட்டது? இரண்டும் உண்மைதான். கல்வி சில குடும்பங்களுக்குள் அடைபட்டுக் கிடந்ததும் உண்மை. ஆயினும், கணிப்பு ஒன்றைச் சொன்னவுடன் வானம் அதற்குச் சாட்சியாகிவிடுகிறது. சொன்ன நேரத்தில் கிரகணம் தொடங்காவிட்டால் சொன்னவரின் மதிப்பு போய்விடும். தவறினால் தெரிந்துவிடும் ஒரு கூற்றைச் சொல்லும் துணிவு அறிவியலின் அடிப்படைப் பண்பு. காரணம் அறியாத கணக்கர் அந்தப் பண்பைக் கொண்டிருந்தார். காரணமெல்லாம் அழகாகச் சொல்லும் பிற்கால நூல்கள் பலவற்றில் அது இல்லை.

யாழ்ப்பாணத்தில் நடந்தது இதற்குத் தக்க சான்று. 1823இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய அமெரிக்க மிஷன் செமினரியில் வானியல் பாடமாயிற்று. 1829இல் ஒரு சந்திர கிரகணத்தின் நேரத்தைப் பற்றி அராலியைச் சேர்ந்த பஞ்சாங்க ஆசிரியர் விசுவநாத சாஸ்திரியின் கணிப்பும் செமினரியின் தலைவர் டேனியல் பூவரின் கணிப்பும் வேறுபட்டன. வானத்தைப் பார்த்துத் தீர்ப்பதென்று ஆயிற்று. பூவரின் கணக்கே பொருந்திற்று. மதமாற்ற நோக்கமும் அதில் கலந்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால், தமிழ்ச் சமூகத்தின் முன்னால் இரண்டு கணக்குகள் ஒரே களத்தில் நின்று போட்டியிட்டன என்பதே நமக்கு முக்கியம். அந்தப் போட்டியின் தொடர்ச்சியாகவே 1848இல் அதே மிஷனைச் சேர்ந்த ஹோய்சிங்டன், இந்திய வானியல் முறையைத் தமிழ் மூலத்தோடும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் விளக்கும் 'ஓரியண்டல் அஸ்ட்ரானமர்' என்ற நூலை யாழ்ப்பாணத்தில் அச்சிட்டார். எதிர்த்தரப்பின் கணக்கைக் கற்று, படிப்படியாக எழுதி, மாணவர் கையில் கொடுத்த நூல் அது.

சென்னையில் இந்தப் போக்கின் உச்சம் சிந்தாமணி இரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் மரபில் வந்து, நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் அதன் தலைவர் போக்சனின் கீழ் முதல் உதவியாளராக உயர்ந்தவர். 1867இல் ரெட்டிகுலம் விண்மீன் குழுவில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார்; 1872இல் இலண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினரானார். 1874 டிசம்பர் 9 அன்று வெள்ளி சூரியனைக் கடக்கவிருந்ததை முன்னிட்டு அவர் எழுதிய சிறு நூல் ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் வெளிவந்தது. கேள்வி பதிலாக அமைந்த அந்நூல், இந்த நிகழ்வை அளப்பதால் பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம் எப்படிக் கிடைக்கிறது என்பதை விளக்க முற்பட்டது. வானாய்வகக் கருவிகளின் அளவீட்டைக் கொண்டு பஞ்சாங்கத்தைத் திருத்த வேண்டும் என்று வாதிட்டுத் திருக்கணிதப் பஞ்சாங்கத்தையும் வெளியிட்டார். 1880இல் அவர் மறைந்தார். சோழியும் தொலைநோக்கியும் ஒரே கையில் இருந்த கடைசி மனிதர் என்று அவரைச் சொல்லத் தோன்றுகிறது. அவருடைய பஞ்சாங்கத்துக்கு வாரிசுகள் வந்தார்கள். அவருடைய சிறு நூலுக்கு வரவில்லை.

அடுத்த தலைமுறையில் வானம் உணர்ச்சியின் பொருளாயிற்று. 1910இல் ஹாலி வால்நட்சத்திரம் வந்தபோது பாரதி அதைப் பாடினார். வானியல் பயில்வதைப் புதிய ஆத்திசூடியில் ஒரு கட்டளையாகவே வைத்தார். 1917 முதல் அறிவியல் எழுதத் தொடங்கிய வழக்கறிஞர் பெ.நா. அப்புசாமி, எளிய தமிழில் எதையும் சொல்லலாம் என்பதை வாழ்நாள் முழுவதும் எழுதிக் காட்டினார். கோவையிலிருந்து வந்த 'கலைக்கதிர்' மாத இதழும், 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியமும் அந்த வழியை அகலப்படுத்தின. இவர்கள் செய்தது அரும்பணி. கலைச்சொல்லே இல்லாத இடத்தில் சொல்லை உண்டாக்கி, வாக்கியத்தை உண்டாக்கி, வாசகரை உண்டாக்கினார்கள். விளக்குவதே அவர்கள் ஏற்ற கடமை. கணக்கு வேறிடத்தில் கற்பிக்கப்படும் என்று நம்பினார்கள். அது கற்பிக்கப்பட்டது, ஆனால் ஆங்கிலத்தில். தமிழகக் கல்லூரிகளில் கணித இளங்கலை மாணவர்கள் பலரும் வானியலைக் கற்றது, குமரவேலு, சுசீலா குமரவேலு என்ற தமிழர் இருவர் எழுதிய ஆங்கில நூலிலிருந்துதான். சந்திரன் எழும் நேரத்தையும் நாளின் நீளத்தையும் கோள முக்கோணவியல் கொண்டு கணிக்கக் கற்ற அந்த மாணவர், வீட்டில் தமிழில் படித்த வானியல் நூலில் சூரியன் பூமியைப் போல் எத்தனை மடங்கு பெரியது என்பதை மட்டும் தெரிந்துகொண்டார்.

புனைகதையிலும் இதே பிளவு தெரிகிறது. பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராகப் பணியாற்றிய சுஜாதாவுக்கு எண்கள் கைவந்தவை. அறிவியல் பரப்பியதற்காக 1993இல் மத்திய அரசின் விருதும் பெற்றார். 'ஏன்? எதற்கு? எப்படி?' பகுதியில் வாசகர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். ஆயினும், அவருடைய புகழ்பெற்ற அறிவியல் நாவல்களான 'சொர்க்கத் தீவு', 'என் இனிய இயந்திரா', 'மீண்டும் ஜீனோ' மூன்றும் பூமியிலேயே நடக்கின்றன. அவற்றின் மையக் கவலை கணினியும் அரசும். விண்வெளி அவரிடம் பெரும்பாலும் சிறுகதையின் அளவிலேயே தங்கிற்று. ஜெயமோகனின் 'விசும்பு' தொகுப்பு இந்திய மரபறிவுகளை அறிவியல் கதையின் பொருளாக்கிப் புதுத்தடம் போட்டது. ஆனால் அதிலும் பெயரில்தான் வானம். விண்கலத்தின் எரிபொருள் எடையோ, சுற்றுப்பாதை மாற்றமோ கதையின் முடிச்சாக அமைந்து, அந்தக் கணக்கு தவறினால் பாத்திரம் செத்துவிடும் என்ற நிலையில் எழுதப்பட்ட தமிழ் நாவல் ஒன்றைப் பெரிய படைப்பாக நம்மால் சுட்ட முடியவில்லை. கதைக்கு எதற்குக் கணக்கு என்று கேட்கலாம். எல்லாக் கதைக்கும் வேண்டாம். ஆனால், இயற்பியல் தரும் நெருக்கடியே கதையின் நெருக்கடியாகும் வகை ஒன்று உலக இலக்கியத்தில் உண்டு. அந்த வகை தமிழில் முளைக்காததற்கு எழுத்தாளரின் திறமைக் குறைவு காரணமாக முடியாது. கணக்கோடு வானத்தைப் பார்க்கும் பழக்கம் தமிழ் உரைநடையில் அதற்கு முன்பே அற்றுப்போயிருந்தது.

மிக வலுவான மறுப்பு இனித்தான் வருகிறது. வியப்பூட்டும் நூல்களும் தமிழ்வழிக் கல்வியும் விஞ்ஞானிகளை உருவாக்கவில்லையா? பொள்ளாச்சிக்கு அருகே கோதவாடியில் தமிழில் படித்த மயில்சாமி அண்ணாதுரைதான் 2008 அக்டோபர் 22 அன்று ஏவப்பட்ட சந்திரயான்-1இன் திட்ட இயக்குநர். அவருடைய 'கையருகே நிலா' தமிழில் வந்த விண்வெளி நூல்களில் அரியது. செய்தவரே எழுதியது என்பதால் மட்டுமல்லாமல், முடிவுகள் எப்படி எடுக்கப்பட்டன என்பதையும் சொல்வதால். ஸ்ரீஹரிகோட்டாவில் பணியாற்றிக்கொண்டே எழுதிய நெல்லை சு. முத்துவும் இதே வரிசையில் வருவார். இந்த மறுப்பை நான் பாதி ஏற்கிறேன். வியப்பு ஒரு சிறுவனைப் பள்ளியிலிருந்து பொறியியல் கல்லூரி வாசல்வரை கொண்டு சேர்க்கும். அதற்கு அப்பால் அவனை அழைத்துச் செல்வது ஆங்கிலப் பாடநூல். கல்லூரி வாசலை எட்டாதவரின் நிலை என்ன? அவருக்குத் தமிழ் நூலைவிட்டால் வேறு வழியில்லை. அந்த நூல் அவரை வியக்க வைத்து அங்கேயே நிறுத்திவிடுகிறது. சோவியத் பதிப்பகம் வெளியிட்ட பெரல்மானின் 'பொழுதுபோக்குப் பௌதிகம்' தமிழில் அன்போடு நினைக்கப்படுவதற்குக் காரணம், மலிவு விலை மட்டும் அன்று. அது வாசகரைக் கணக்குப் போட வைத்தது.

கணக்கு இருந்தால் சாதாரண வாசகர் நூலை மூடிவிடுவார் என்ற எண்ணம் எழுத்தாளரிடமும் பதிப்பாளரிடமும் இருக்கிறது. அந்த எண்ணத்தைச் சோதிக்கச் சென்னைக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையைவிடப் பொருத்தமான இடம் இல்லை. 1998இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கிய அங்குள்ள சிப்காட் தொழில் வளாகத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வரை நீளும் ஆலைகளில், ஐ.டி.ஐ.யும் டிப்ளமோவும் முடித்த இளைஞர்கள் பல மாவட்டங்களிலிருந்தும் வந்து வேலை செய்கிறார்கள். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைப் பார்த்து, உதிரிபாகம் தேறுமா தேறாதா என்று முடிவு செய்வது அவர்களில் பலரின் அன்றாட வேலை. அவர்கள் கையில் இருக்கும் மைக்ரோமீட்டரின் தோற்றமே வானியலில்தான். 1630களின் இறுதியில் வில்லியம் காஸ்காய்ன் என்ற இங்கிலாந்துக்காரர், நுண்ணிய திருகு ஒன்றைத் தொலைநோக்கிக்குள் பொருத்தி நிலவின் விட்டத்தையும் கோள்களின் விட்டத்தையும் அளந்தார். வெர்னியர் அளவுகோலை 1631இல் விவரித்த பியேர் வெர்னியரும் கோணம் அளக்கும் கருவிக்கே அதை வகுத்தார். வானத்தை அளக்கப் பிறந்த கருவிகளை எட்டு மணி நேர ஷிப்டில் கையாளும் ஒருவருக்கு, அந்த வானத்தை அளக்கும் கணக்கு புரியாது என்று முடிவு கட்டுவது அவமதிப்பு. அவருக்கு அந்த நூலை யாரும் எழுதித் தரவில்லை என்பதே உண்மை நிலை.

கணக்கு மீண்டும் தலைகாட்டிய இடங்களும் உண்டு. 1980இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கமும், 1987 முதல் வரும் அதன் 'துளிர்' இதழும் கிரகணங்களைப் பார்க்கவும் பதிவு செய்யவும் மாணவரைத் தெருவுக்கு அழைத்து வந்தன. 2004 ஜூன் 8 அன்று வெள்ளி மறுபடியும் சூரியனைக் கடந்தபோது, இரகுநாதாச்சாரி கையாண்ட அதே பொருள் தமிழில் புத்துயிர் பெற்றது; அறிவியல் எழுத்தாளர் த.வி. வெங்கடேஸ்வரன் போன்றோர் அவரைப் பற்றியும் எழுதினார்கள். ஆனால், நிகழ்வுக்கு நிகழ்வு வரும் துண்டு வெளியீடு தொடர்ந்த நூல் மரபுக்கு ஈடாகாது. வெள்ளி இனிச் சூரியனைக் கடப்பது 2117இல். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத கணக்குகள் எத்தனையோ இருக்கின்றன. இருங்காட்டுக்கோட்டை ஏறத்தாழ 13 பாகை வட அகலாங்கில் இருப்பதால், ஏப்ரல் 24ஐ ஒட்டிய நாளில் பகல் 12 மணி 8 நிமிட அளவில் அங்கே நட்ட கம்பத்துக்கு நிழல் விழாது. அதே நாள் கன்னியாகுமரியின் நண்பகலில் அங்கே ஒரு மீட்டர் குச்சியின் நிழல் தெற்கு நோக்கிச் சுமார் எட்டரை சென்டிமீட்டர் விழும். நிழலைக் குச்சியின் உயரத்தால் வகுத்து முக்கோணவியல் அட்டவணையைப் பார்த்தால் 4.9 பாகை கிடைக்கும். இரண்டு ஊருக்கும் இடையே வடக்கு தெற்காக உள்ள தூரம் 545 கிலோமீட்டர் அளவு. அதை 360ஆல் பெருக்கி 4.9ஆல் வகுத்தால் பூமியின் சுற்றளவு, ஏறக்குறைய 40,000 கிலோமீட்டர். இதை எழுத நூலில் அரைப் பக்கம் போதும். செய்து பார்க்க இரண்டு ஊரில் இரண்டு நண்பர்கள் வேண்டும். ஏப்ரலில் மேகம் மறைத்துவிட்டால், ஆகஸ்ட் 18ஐ ஒட்டி நிழலில்லா நாள் மறுபடியும் வரும்.