நயினார்

குறிகட்டுவான் துறையில் படகேறினால் சிறிது நேரத்தில் நயினாதீவு. சிங்களத்தில் அது நாகதீப. ஒல்லாந்தர் தம் நாட்டு ஊரொன்றின் பெயரால் ஹார்லெம் என்றனர். அது வரைபடத்தோடு போயிற்று. மணிமேகலை சொல்லும் மணிபல்லவம் இதுவே என்போரும் உண்டு. அந்த வழக்குக்குள் நான் நுழையவில்லை. என் கவலை பெயரின் முற்பாதி பற்றியது.

நயினார் என்பது நாயனார் என்பதன் மறுவடிவம். தலைவன், ஆண்டவன் என்று பொருள். அடியார் அறுபத்துமூவர் நாயன்மார். தமிழ்நாட்டுச் சமணர் இன்றும் நயினார். தீவின் பெயரை நயினார் தீவு என்று பிரிப்போர் நாகத்தையே அந்த ஆண்டவனாகக் கொள்கின்றனர். நாகபூசணி அம்மன் குடிகொண்ட மண்ணில் அது பொருந்தவே செய்கிறது.

ஆனால் யாழ்ப்பாணத்தில் இச்சொல் கோயிலோடு நிற்கவில்லை. வளவுப் படலைக்கும் வந்தது. ஒடுக்கப்பட்ட சாதியார் நிலமுடைய வெள்ளாளரை 'நயினார்' என்றும், அவர் வீட்டுப் பெண்களை 'நாச்சியார்' என்றும் விளிக்க வேண்டியிருந்தது. நரைத்த கிழவரும் அந்த வீட்டுச் சிறுவனுக்கு முன் அப்படித்தான் பணிய வேண்டும். கே. டானியலின் நாவல்களைப் படிப்பவர் காதில் அந்த விளி அறையும். கடவுளுக்கு உரிய சொல்லை மனிதனுக்குக் கொடுக்கச் செய்ததைவிடக் கொடிய திருட்டு வேறு இல்லை என்றே நினைக்கிறேன்.

அப்படி விளிக்க வேண்டியிருந்தவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளியிலும் உட்காரத் தரைதான் இருந்தது. 1929–30இல் உதவி நன்கொடை பெறும் பள்ளிகளில் சம ஆசனம் வேண்டும் என்று அரசு பணித்தபோது எதிர்ப்புக் கிளம்பியது, பள்ளிக்கூடங்கள் எரிந்தன. 1957இன் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் பள்ளி, கோயில், தேநீர்க்கடை, கிணறு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, அங்கெல்லாம் சாதியின் பேரால் மறிப்பதைக் குற்றமாக்கியது. அதற்குப் பின்னும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் மக்கள் போராடவேண்டி வந்தது.

விளியைப் பற்றிச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. அதை முறித்தது வாங்குதான் என்பது என் எண்ணம். வாங்கு போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். பள்ளியில் நாலைந்து பேர் நெருங்கி இருக்கும் நீண்ட பலகை. தோளோடு தோள் ஒட்டி இருந்து, ஒரே மைக்கூட்டில் பேனா தொட்டு எழுதுகிறவனை 'நயினார்' என்று எந்தப் பிள்ளை கூப்பிடும்?