பேறுகால வழிகாட்டி நூல்களின் மொழி: மானிப்பாய் முதல் பெங்களூர் வரை

1. முன்னுரை

மகப்பேற்றை எதிர்நோக்கியிருக்கும் தாயும் தந்தையும் ஒரு வழிகாட்டி நூலைத் தேர்ந்தெடுக்கும்போது, அதில் உள்ள மருத்துவச் செய்தி சரியானதா என்பதையே முதலில் நோக்குவர். அச்செய்தி யாரை நோக்கி, எந்தச் சொற்களால் கூறப்பட்டுள்ளது என்னும் வினா பெரும்பாலும் எழுவதில்லை. ஆயின் இந்நூல்வகையின் வரலாற்றை ஆராயின், நூலின் பயனைத் தீர்மானிப்பதில் இரண்டாம் வினாவுக்கும் நிகரான பங்கு உண்டு என்பது புலப்படும்.

இது நடை பற்றிய வினா மட்டுமன்று. 2018–20ஆம் ஆண்டுகளுக்கான மாதிரிப் பதிவு முறை மதிப்பீட்டின்படி, ஓர் இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு நேர்ந்த தாய் இறப்பு இந்தியாவில் 97; கர்நாடகத்தில் 69; தமிழ்நாட்டில் 54; கேரளத்தில் 19. இவ்விறப்புகளுக்கு முதன்மைக் காரணங்களாக இரத்தப்போக்கு, இரத்த அழுத்தம் மிகுதலால் வரும் வலிப்பு, தொற்று ஆகியவை கூறப்படுகின்றன. இவை பலவற்றுக்கு முன்னறிகுறிகள் உண்டு. அறிகுறியை உணர்பவள் தாய். அதைக் கேட்டு முடிவெடுப்பவர் வீட்டார். கேட்டு மருத்துவம் செய்பவர் மருத்துவர். மூவருக்கும் இடையில் செல்வது சொல். அச்சொல் இடையில் பொருள் மாறினால் நேரம் வீணாகும்.

2. மாணவ மருத்துவருக்கான நூல்: மானிப்பாய், 1857

மேலை மருத்துவ முறையில் அமைந்த மகப்பேற்று நூல் தமிழுக்கு வந்தது யாழ்ப்பாணத்தில் ஆகும். அமெரிக்க மிசன் மருத்துவரான சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884) 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவப் பணியையும் மருத்துவக் கல்வியையும் நடத்தினார். டப்ளின் நகர மருத்துவர் ஹென்றி மான்செல் 1834-இல் வெளியிட்ட மகப்பேற்று மருத்துவ நூல், கிறீனின் முயற்சியால் 'பிரசவ வைத்தியம்' என்னும் பெயரில் 1857-இல் தமிழில் வெளிவந்தது. 'இரணவைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'கெமிஸ்தம்' முதலிய நூல்கள் பின்னர்த் தொடர்ந்தன. 1860களில் அவர் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார்.

இந்நூற்பெயர்களே கிறீனின் சொல்லாக்க நெறியைக் காட்டுகின்றன. வழக்கிலுள்ள தமிழ்ச்சொல், வடசொல், ஆங்கிலச் சொல்லின் ஒலிபெயர்ப்பு ஆகிய மூன்றையும் அவர் பயன்படுத்தினார். மருத்துவம் பயில வந்த இளைஞருக்கு இந்நெறி தடையன்று. வகுப்பறையில் ஆசிரியர் சொல்லை விளக்குவார், மாணவர் மனங்கொள்வார்.

'பிரசவ வைத்தியம்' மருத்துவம் பயில்வோரை நோக்கிய நூல். அதில் தாய் படர்க்கையில் நிற்பவள். அது குறையன்று, நூலின் நோக்கம் அது. ஆயின் அந்நடையின் செல்வாக்கு நோக்கத்தையும் கடந்து நீடித்தது. பின்னாளில் தாய்மாருக்கென எழுதப்பட்ட தமிழ் நூல்கள் பலவற்றிலும் 'கர்ப்பிணிகள் இவ்வாறு உண்ணுதல் வேண்டும்' என்னும் படர்க்கை வாய்பாடே இடம்பெறுகின்றது. படிப்பவள் கர்ப்பிணியாக இருப்பினும், நூல் அவளைப் பற்றிப் பேசுகின்றதே அன்றி அவளோடு பேசுவதில்லை.

3. தாய்க்கான நூல்: அனுபமா நிரஞ்சனா

இந்நிலையோடு ஒப்புநோக்கத் தக்க எடுத்துக்காட்டு அண்டை மொழியான கன்னடத்தில், பெங்களூரில் கிடைக்கின்றது. தீர்த்தஹள்ளியில் பிறந்த அனுபமா நிரஞ்சனா (1934–1991) தார்வாடிலும் பெங்களூரிலும் மருத்துவராகப் பணியாற்றியவர். கன்னடத்தின் குறிப்பிடத்தக்க நாவலாசிரியரும் ஆவார். மன்னர்களுக்கு மகப்பேற்றுக்கென மாறி மாறி அளிக்கப்பட்ட மகாபாரத மாதவியை நாயகியாக்கி அவர் எழுதிய நாவல் பலராலும் பேசப்பட்டது. மருத்துவரின் அறிவும் நாவலாசிரியரின் காதும் ஒருவரிடத்தே அமைந்தமையால், 'தாயி–மகு' என்னும் அவருடைய நூல் பல பதிப்புகள் கண்டு, கன்னட இல்லங்களில் கருவுற்ற பெண்ணுக்குக் கொடுக்கத்தக்க நூலாக நிலைபெற்றது.

அவருடைய மற்றொரு நூலின் பெயர் 'வதுவிகெ கிவிமாது' என்பது. 'மணமகளுக்குக் காதோடு ஒரு சொல்' எனத் தமிழில் கூறலாம். கன்னடக் 'கிவி' தமிழில் 'செவி'; முன்னுயிருக்கு முன் ககரம் சகரமாகும் திராவிட ஒலிமாற்றத்துக்கு நன்கு அறியப்பட்ட சான்று இது. மொழியியலாருக்கு அது ஒலிமாற்றச் சான்று. மொழிபெயர்ப்பாளருக்கு அது நடைக்கான சான்று. 'வைத்தியம்' என்னும் பெயர் துறையைச் சுட்டுகின்றது. 'கிவிமாது' என்னும் பெயர் பேசுபவரையும் கேட்பவரையும் அருகருகே அமர்த்துகின்றது. மானிப்பாய் நூலுக்கும் பெங்களூர் நூல்களுக்கும் இடையே உள்ள முதன்மை வேறுபாடு இதுவே.

4. ஏட்டில் ஏறாத சொல்வளம்

தாயை நோக்கி எழுதுவோர்க்கு வேண்டிய சொற்கள் புதிதாக ஆக்கப்பட வேண்டியவை அல்ல. கர்நாடகத்தின் தும்கூரு மாவட்டத்தைச் சேர்ந்த சூலகித்தி நரசம்மா (1920–2018) பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பேறுகளுக்குத் துணைநின்றவர் எனப் போற்றப்பட்டு, 2018-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவர் ஏட்டுக்கல்வி பெற்றவர் அல்லர். 'சூலகித்தி' என்பது பேறு பார்ப்பவளைக் குறிக்கும் கன்னடச் சொல். அதன் முதற்பகுதியான 'சூலு' தமிழ்ச் 'சூல்' என்பதோடு உறவுடையது. அவ்வாறே கருப்பத்தைக் குறிக்கும் கன்னடப் 'பசிறு' தமிழ் 'வயிறு' என்பதோடும், ஈனுதலைக் குறிக்கும் 'ஹெரு' தமிழ்ப் 'பெறு' என்பதோடும் இனமுடையவை. மகப்பேற்றுச் சொற்கள் இரு மொழிகளிலும் தொல்வழக்கின் அடிப்படையில் அமைந்துள்ளமைக்கு இவை சான்றாகும்.

1809-இல் பெங்களூரில் படைமுகாம் அமைந்த பின்னர் அல்சூர், சிவாஜிநகர் முதலிய பகுதிகளில் தமிழர் பெருகினர். இன்று அங்கு வாழும் தமிழ்ப்பெண்ணுக்கு வீட்டில் 'மசக்கை', 'பனிக்குடம்', 'நஞ்சுக்கொடி' ஆகியவை வழக்கு. கர்நாடக அரசு மருத்துவமனையில் பெறுவது 'தாயி கார்டு'. தனியார் மருத்துவர் பேசுவது ஆங்கிலம் கலந்த மொழி. தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் இடையிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. தமிழ்நாட்டில் 'நஞ்சுக்கொடி' எனப்படுவது இலங்கைப் பாடநூலில் 'சூல்வித்தகம்'. தமிழ்நாட்டில் 'தொப்புள்கொடி' எனப்படுவது அங்குத் 'தொப்புணாண்'. ஆகவே ஒரு தமிழ் நூல் தமிழர் அனைவருக்கும் பொதுவாகும் என முன்கூட்டியே கொள்ளலாகாது. முதன்முறை வரும் இடத்தில் வட்டார மாற்றுச் சொல்லையும் உடன் தரும் நூலே பரவலாகப் பயன்படும்.

5. சொல்லும் கணக்கும்

ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கப்படும் நூல்களில் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதால் வரும் பிழைகள் எளிதில் புலப்படுவன. 'மார்னிங் சிக்னெஸ்' என்பது 'காலை நோய்' ஆகாது; நாள் முழுதும் நேரக்கூடிய அக்குமட்டலுக்கு 'மசக்கை' என்னும் சொல் உண்டு. பேற்றுவலி தொடங்குவதற்கு முன் வெளிப்படும் குருதி கலந்த சளி போன்ற கசிவை ஆங்கிலத்தில் 'ஷோ' என்பர். அதற்கு ஒரு சொல்லைத் தேடுவதினும் கண்ணுக்குத் தெரிவதை அவ்வாறே விரித்துரைப்பது நலம்.

எளிதில் புலப்படாத இடர்ப்பாடுகள் இரண்டு. முதலாவது 'வலி', 'வலிப்பு' என்பன பற்றியது. நிறைமாதத்தில் 'வலி வந்துவிட்டது' என்றால் பேறு தொடங்கியது என்பது பொருள். ஆயின் 'காக்கைவலி' என்னும் தொடரில் 'வலி' என்பதே வலிப்பைக் குறிக்கின்றது. 'ஜன்னி' என்னும் சொல்லோ காய்ச்சல் முற்றிய பிதற்றலையும் வலிப்பையும் சேர்த்துச் சுட்டும். கடுந்தலைவலி, பார்வை மங்கல், முகமும் கைகளும் வீங்குதல் ஆகியவற்றைத் தொடர்ந்து வரும் வலிப்பு உயிருக்கு இடர் விளைப்பது. 'ஜன்னி கண்டால் மருத்துவரை அணுகுக' என்று மட்டும் கூறும் நூல் எதையும் தெளிவாகக் கூறியதாகாது. 'கைகால் வெட்டி இழுத்தல்' என உடலின் செயலைக் கூறி, அதற்கு முன்வரும் அறிகுறிகளையும் வரிசைப்படுத்தும் நூல் உதவும்.

இரண்டாவது மாதக் கணக்கு. மருத்துவர் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள், அதாவது 40 வாரம் எனக் கணிப்பர். 'பத்து மாதம் சுமந்து' என்னும் தமிழ் வழக்கில் மாதத்தை 28 நாளாகக் கொண்டால் அதே 280 நாள் கிடைக்கும், வழக்கில் பிழையில்லை. ஆயின் நாட்காட்டி மாதத்தால் பத்தை எண்ணினால் குறித்த நாள் மூன்று வாரத்துக்கும் மேலாகக் கடந்துவிடும். நாள் தள்ளிப்போனது முதல் எண்ணத் தொடங்கினால் ஏறத்தாழ நான்கு வாரம் குறையும். 'ஒன்பதாம் மாதம்' என்பது ஒன்பது நடப்பதையா, ஒன்பது முடிந்ததையா குறிக்கின்றது என்பதிலும் மயக்கம் உண்டு. எண்ணத் தொடங்கும் நாளை விளக்காமல் வார அட்டவணை மட்டும் தரும் நூல், அட்டவணை எத்துணை நுட்பமாயினும் தவறான வழியைக் காட்டக்கூடும்.

6. இடமும் காலமும்

1984-இல் அமெரிக்காவில் முதற்பதிப்புக் கண்ட 'வாட் டு எக்ஸ்பெக்ட் வென் யூஆர் எக்ஸ்பெக்டிங்' என்னும் நூல், மாதந்தோறும் தாய் கேட்கும் வினாக்களுக்கு விடை கூறும் அமைப்பால் புகழ்பெற்றது. முன்னிலையில் பேசும் அதன் முறை பின்பற்றத்தக்கது. ஆயின் அத்தகைய நூல்களின் உள்ளடக்கம் முழுவதும் இந்தியாவுக்குப் பொருந்தாது. கருவின் பாலினத்தைக் கண்டறிந்து கூறுவது இந்தியாவில் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுக்கப்பட்டது. மேலை நூலில் இயல்பாக இடம்பெறும் அச்செய்தியை மாற்றமின்றிப் பெயர்த்தால், படிப்போரைக் குற்றத்தின்பால் செலுத்துவதாகும்.

சமூக வழக்கும் கருதத்தக்கது. வளைகாப்புக்குப் பின் தலைப்பேற்றுக்காகப் பெண் தாய்வீடு செல்லும் வழக்கத்தால், பெங்களூரில் தொடங்கிய மருத்துவக் கண்காணிப்புத் தமிழ்நாட்டுச் சிற்றூரில் தொடர வேண்டிய நிலை எழுகின்றது. பரிசோதனைச் சீட்டுகளை உடன் கொண்டுசெல்வது, புதிய மருத்துவமனையில் முன்கூட்டியே பதிவது ஆகியவற்றை மேலை நூல்கள் கூற வேண்டிய தேவை இல்லை. தமிழ் நூலுக்கு அத்தேவை உண்டு. கணவர், தாய், மாமியார் ஆகியோருக்குத் தனித்தனியே கூற வேண்டியனவும் உள்ளன.

பதிப்பாண்டும் ஓர் அளவுகோலே. பேறுகால மருத்துவத் தொடர்புகள் எட்டாக அமைய வேண்டும் என உலக நலவாழ்வு நிறுவனம் 2016-இல் பரிந்துரைத்தது. அதற்கு முந்தைய நூல்கள் பலவும் நான்கு முறை என்றே கூறும். நல்ல நடையில் அமைந்த பழைய நூல் நடைக்கு மாதிரியாகலாம், மருந்தளவுக்கு மாதிரியாகாது.

7. முடிவுரை

மேற்கண்டவற்றால், நூல் தேரும் பெற்றோர்க்கும் நூல் பெயர்ப்போர்க்கும் பொதுவான சில அளவுகோல்கள் பெறப்படுகின்றன. நூல் தாயை முன்னிலைப்படுத்திப் பேசுகின்றதா என்பது முதலாவது. இடர் அறிகுறிகளை நோயின் பெயரால் அன்றி உடலில் காணப்படுவதால் கூறுகின்றதா என்பது இரண்டாவது. மாதக் கணக்கின் தொடக்கநாளை விளக்குகின்றதா என்பது மூன்றாவது. படிப்பவர் வாழும் இடத்தின் சட்டம், மருத்துவமனை நடைமுறை, வட்டார வழக்கு ஆகியவற்றை அறிந்து எழுதப்பட்டதா, அண்மைப் பதிப்பா என்பன ஏனையவை.

இவற்றுள் முதல் மூன்றையும் கடையில் நின்றபடியே சோதிக்கலாம். இடர் அறிகுறிகளைக் கூறும் பக்கத்தைத் திறந்து, அதைக் கல்வி குறைந்த முதியவள் ஒருத்திக்கு உரக்கப் படிப்பதாக எண்ணிப் பார்த்தல் வேண்டும். எந்தச் சொல்லுக்கும் விளக்கம் கேட்காமல், எந்த நிலையில் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதை அவள் அறிந்துகொள்வாளாயின், அந்நூல் தேர்ந்தெடுக்கத் தக்கது. தமிழில் மருத்துவம் கூற இயலும் என்பதை மானிப்பாய் 1857-இல் நிறுவியது. தாயின் செவிக்கு எட்டுமாறு அதைக் கூற இயலும் என்பதைப் பெங்களூரில் எழுதிய ஒரு மருத்துவர் கன்னடத்தில் காட்டினார். இவ்விரு மரபுகளையும் இணைப்பது தமிழ் மொழிபெயர்ப்பாளரின் பணியாகும்.