மீரியபெத்த: காணியற்றோர் குரல்

குடியிருப்புக் காணியை வாணிபத்திற்கு மாற்ற முயன்றால், உறுதிப்பத்திரம் உள்ளவர் ஆட்சேபிப்பர். பத்திரமே இல்லாதவர் எவரிடம் முறையிடுவது?

1840ஆம் ஆண்டுச் சட்டம் உறுதியற்ற மலைநிலங்களை முடிக்குரியவையாக்கிற்று. அவை கோப்பித் தோட்டங்களாயின. பின்னர் தேயிலை வந்தது. தொழிலாளி வாழும் லயமும் தோட்டத்தின் உடைமையாகவே எண்ணப்பட்டது. 1975இல் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. லயத்து மண்ணோ எம்மக்களுக்கு உரித்தாகவில்லை.

கொஸ்லந்தைக்கு அருகேயுள்ள மீரியபெத்தவில் மண்சரிவு அபாயம் உண்டென 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டது. ஆயினும் லயங்கள் அங்கேயே இருந்தன. 2014 ஒக்டோபர் 29 காலை, மலை சரிந்து அவற்றைப் புதைத்தது. அதன் பின்னரே, எஞ்சியோருக்கு 7 பேர்ச் காணியில் வீடுகள் எழுந்தன.

நாம் கேட்பது இதுவே: அக்காணியை உயிர்கள் மாளுமுன் வழங்கத் தடையாய் நின்றது எது?