ஆனையிறவைக் கடந்த பாட்டு: ஈழத்துத் துள்ளிசையின் குறுகிய காலம்

1956ஆம் ஆண்டு சித்திரை மாதத்திலே கொழும்புக் கோட்டைக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே ‘யாழ்தேவி’ கடுகதிப் புகையிரதம் ஓடத் தொடங்கியது. அதற்குமுன் இரவு அஞ்சல் வண்டியில் உறங்கிக்கொண்டு ஊர் சென்றவர்கள் இப்போது பகற்பொழுதிலே விழித்திருந்து பிரயாணஞ் செய்யலாயினர். அரசாங்க லிகிதர்களும் ஆசிரியர்களும் கொழும்பிலே கல்வி கற்ற இளைஞர்களும் விடுமுறைக்கு வடக்கு நோக்கிப் போகும்போது வண்டியின் மூன்றாம் வகுப்புப் பெட்டிகள் பாட்டுக் கச்சேரியாகிவிடும். தகரப் பேணியும் பெட்டியின் பலகையுமே தாளக் கருவிகள். பரந்தனைத் தாண்டி, இருபுறமும் உவர்நீர் பரந்த ஒடுங்கிய தரையிலே வண்டி ஏறி, உப்பளத்தின் வெண்குவியல்கள் கண்ணிற் படும்பொழுது, குடாநாடு வந்துவிட்டதென்ற மகிழ்ச்சியிலே பாட்டு உச்சத்தை எட்டும். ஆனையிறவு என்ற பெயர் யானைகள் கடந்து சென்ற துறையினாற் பிறந்தது என்பர். பாட்டும் அவ்வழியாகவே குடாநாட்டுட் புகுந்தது என்பதை வரலாற்று நூலார் எவரும் எழுதிவைக்கவில்லை.

அவ்வாறு புகுந்த பாட்டு ‘பைலா’ எனப்படுவது. ஆடுதல் என்னும் பொருளுடைய போர்த்துக்கேயச் சொல்லினின்றும் அப்பெயர் வந்தது. பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளிலே போர்த்துக்கேயரும் அவரோடு வந்த ஆபிரிக்கரும் கரையோரங்களில் விட்டுச் சென்ற இசை, மட்டக்களப்புப் பறங்கியரிடத்தும் புத்தளத்தை அடுத்த காப்பிரி மக்களிடத்தும் நெடுங்காலம் நிலைத்திருந்தது. அதனைச் சிங்கள மேடைக்கு உரியதாக்கியவர் காவற்றுறையிற் பணியாற்றிய வொலி பஸ்டியன். ஆறெட்டுத் தாளத்திலே துள்ளிச் செல்லும் அவ்வோசை, திசிர நடைக்குப் பழகிய தமிழ்ச் செவிக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. 1960களின் பிற்பகுதியிலே கிளாரன்ஸ் விஜேவர்தன, அனெஸ்லி மாலேவன ஆகியோரின் ‘மூன்ஸ்டோன்ஸ்’ குழு மின்கிற்றார் கொண்டு சிங்களப் பொப் இசையைத் தொடக்கிவைத்தது. ஜெரல்ட் விக்கிரமசூரியவின் ‘சூரியா’ நிறுவனம் அத்தகைய பாடல்களைச் சிறிய இசைத்தட்டுகளிற் பரப்பியது.

தமிழிலே இம்முயற்சி பிந்தியமைக்குக் காரணம் தேடி அதிக தூரம் போகவேண்டியதில்லை. தமிழகத் திரைப்பாடல் காலை முதல் இரவு வரை இலங்கை வானொலியில் ஒலித்துக்கொண்டிருந்தது. அத்தகைய சூழலில் உள்ளூர்ப் பாடகன் ஒருவனுக்கு எஞ்சிய இடம் மிகச் சிறிது. அந்த இடத்தை முதலில் நிரப்ப முனைந்தோருள் திருகோணமலையைச் சேர்ந்த சகோதரர்களான பரமேஷ், கோணேஷ் இருவரும் குறிப்பிடத்தக்கவர்கள். இருவரின் பெயரையும் இணைத்துச் சொல்வதே இரசிகர் வழக்கமாயிற்று. 1960களின் இறுதியில் வெளிவந்த ‘உனக்குத் தெரியுமா’ என்ற பாடலைக் கொண்ட அவர்களது தட்டு, ஈழத்திலே வெளியான முதல் தமிழ் இசைத்தட்டு என்று கூறப்படுகின்றது. வேறு பாடல்களும் அவர்களுக்கு உண்டு. எனினும் சராசரி இரசிகனின் நினைவிலே அந்த ஒன்றே நிற்கின்றது. அது காதற் பாட்டு. சிரிப்புக்கு அங்கே இடமில்லை. சிரிப்பைக் கொண்டுவந்தவர் உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம்.

அவருடைய ‘சின்ன மாமியே’ என்ற பாடலைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். மருமகன் ஒருவன் மாமியிடம் வந்து அவள் மகளை விசாரிக்கின்றான். மகள் படிக்கப் போயிருக்கிறாள் என்கிறாள் மாமி. மேற்படிப்பு எதற்கு, எனக்குக் கட்டித் தா என்பது அவனது வாதம். மாமி அவனை விட்டுவைப்பாளா? கேள்வியும் மறுமொழியுமாக அமைந்த இப்பாட்டிலே இரு குரல்கள் இருக்கின்றன. ஒருவர் பாடினாலும் அது இருவரின் பாட்டே. யாழ்ப்பாணத்து மணமுறையிலே மச்சாள் மீது மச்சானுக்கிருந்த உரிமை, பெண் கல்வி பெருகியதனால் ஆட்டங் கண்ட காலம் அது. ஒரு தலைமுறைக்கு முன்னர் இம்மருமகனின் வாதத்தை எவரும் வேடிக்கையாகக் கருதியிரார். எழுபதுகளில் அது நகைப்புக்குரியதாயிற்று. சமூக மாற்றம் ஒன்றை ஆய்வாளர் அட்டவணையிட்டு நிறுவுவதற்கு முன்னரே அதனை நாலு நிமிடத்துக்குட்பட்ட ஒரு வேடிக்கைப் பாட்டு பதிவு செய்துவிட்டது. இதிலே இன்னொரு சுவையும் உண்டு. மூன்ஸ்டோன்ஸ் குழுவுக்குப் புகழ் தேடித்தந்த தொடக்ககாலச் சிங்களப் பாடல்களுள் ஒன்று மாங்காய் மாமி ஒருத்தியைப் பற்றியது. தெற்கிலும் வடக்கிலும் புதிய பாட்டு மாமியரை விளித்தே வளர்ந்தது போலும்!

மொழியும் கவனிக்கற்பாலது. தமிழகத் திரைப்பாடலின் பொதுத்தமிழை அப்பாடகர்கள் பின்பற்றவில்லை. குடாநாட்டு முற்றத்துப் பேச்சையே பாடினர். கள்ளுக்கொட்டிலும் இலண்டன் மாப்பிள்ளை மோகமும் பாட்டுக்குப் பொருளாயின. ஈழத்து இலக்கியத்திலே மண்வாசனை வேண்டுமென்று 1960களில் எழுந்த குரல், சிறுகதையிலும் நாவலிலும் பேச்சுமொழிக்கு உரிமை பெற்றுக்கொடுத்தது. ஆனால் அதே மண்வாசனை கிற்றாரோடு வந்தபோது கற்றோர் பலர் மூக்கைப் பொத்திக்கொண்டனர். வானொலியில் எஸ். கே. பரராஜசிங்கம் போன்றோர் வளர்த்த மெல்லிசைக்கு ஓரளவு மதிப்புக் கிடைத்தது; துள்ளிசைக்கு அதுவும் இல்லை. இரைச்சல், கேளிக்கை, கலாசாரச் சீரழிவு என்பனவே அதற்குச் சூட்டப்பட்ட பெயர்கள். இக்கண்டனம் முற்றிலும் ஆதாரமற்றதென்றும் கூறமுடியாது. ஒரே மெட்டை மீண்டும் மீண்டும் திருப்பியவர்களும், பெண்களைக் கேலி செய்வதையே நகைச்சுவை என்று எண்ணியவர்களும் அக்கூட்டத்தில் இருந்தனர். ஆயினும் பதரைக் கண்டு சூட்டையே கொளுத்துவது விவசாயியின் செயலன்று.

இவ்விசை செழித்தமைக்குப் பொருளாதாரக் காரணம் ஒன்றும் உண்டு. 1970இல் பதவிக்கு வந்த அரசாங்கம் அந்நியச் செலாவணி நெருக்கடியினால் இறக்குமதிகளைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. தென்னிந்தியச் சஞ்சிகைகளும் திரைப்படங்களும் முன்போல வந்து குவியவில்லை. அதனால் ஈழத்துச் சஞ்சிகைகள் தோன்றின. ஈழத்துத் திரைப்படங்கள் எடுக்கப்பட்டன. வன்னி மண்ணிலே மிளகாயும் வெங்காயமும் பயிரிட்ட கமக்காரன் கையிற் பணம் புரண்டது. கோயில் திருவிழாக்களிலும் களியாட்ட விழாக்களிலும் மேடை அமைத்துத் துள்ளிசைக் குழுக்களை அழைக்க அப்பணம் உதவியது. நாதஸ்வரக் கச்சேரி முடிந்த அதே பந்தலில், நள்ளிரவுக்குப் பின் கிற்றார் ஏறியது. பெரியவர்கள் வீடு திரும்பினர் என்பர். எல்லாரும் திரும்பியிருப்பார்கள் என்று நம்புவதற்கில்லை.

இக்காலத்தின் உச்சியில் நிற்பவர் ஏ. ஈ. மனோகரன். பளபளக்கும் உடையும் மேடை முழுதும் துள்ளும் ஆட்டமுமாக அவர் ‘பொப் இசைச் சக்கரவர்த்தி’ என்று கொண்டாடப்பட்டார். செங்கை ஆழியானின் நாவலைத் தழுவி 1978இல் வெளியான ‘வாடைக்காற்று’ திரைப்படத்திலும் நடித்தார். அவர் பெயரைக் கடல் கடந்து கொண்டுசென்றது ‘சுராங்கனி’ என்னும் ஒரே பாட்டு. சுராங்கனி என்ற பெண்ணுக்கு மீன் கொண்டுவந்த செய்தியைச் சொல்லும் சிங்களப் பல்லவியோடு தமிழ் கலந்த பைலா அது. தமிழகத்திலே 1977இல் வெளியான ‘அவர் எனக்கே சொந்தம்’ திரைப்படத்துக்காக அதே மெட்டை இளையராஜா எடுத்தாள, மலேசியா வாசுதேவன் பாடினார். சிங்களம் ஒரு சொல்லும் அறியாத தமிழக இளைஞர்கள் அச்சிங்கள அடிகளை மனனஞ் செய்து பாடினர்.

அந்த ஆண்டைச் சற்று நினைவில் நிறுத்துதல் வேண்டும். 1977 ஆவணியிலே தென்னிலங்கையிலும் மலையகத்திலும் தமிழர் தாக்கப்பட்டனர். உடைமை இழந்த மலையகக் குடும்பங்கள் பல வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து காடு வெட்டிக் குடியேறின. இரு மொழியும் ஒரு தாளத்திலே கைகோத்த பாட்டு சென்னையில் முழங்கிய அதே ஆண்டில், அம்மொழிகளைப் பேசுவோர் ஒரே புகையிரதத்தில் அச்சமின்றிச் செல்ல இயலாத நிலை தோன்றிவிட்டது. பாட்டு ஒற்றுமையை வளர்க்கும் என்று மேடைகளிற் சொல்லப்படுவதுண்டு. ‘சுராங்கனி’யின் வரலாறு அதற்குச் சான்றாகாது. பைலா பாடிய வாய்கள் எல்லாம் அன்பு பேசின என்று கொள்வதற்கு ஆதாரமில்லை.

அதே 1977இல் ஆட்சி மாறித் திறந்த பொருளாதாரம் வந்தது. யப்பானிய ஒலிப்பதிவுக் கருவிகளும் கசற்றுகளும் மலிந்தன. தமிழகத் திரைப்பாடல் மீண்டும் வெள்ளமெனப் பாய்ந்தது. மூன்று, நான்கு பாடல்களைத் தாங்கிய உள்ளூர்த் தட்டு அவ்வெள்ளத்தின் முன் நிற்கவில்லை. 1983 ஆடிக் கலவரத்தின் பின்னர் பாடகர்களும் இரசிகர்களும் ஒருங்கே சிதறினர். நித்தி கனகரத்தினம் அவுஸ்திரேலியாவிற் குடியேறினார். மனோகரன் தமிழகம் சென்று ‘சிலோன் மனோகர்’ என்ற பெயருடன் திரைப்படங்களில் வில்லனாகவும் துணை நடிகராகவும் தோன்றினார். 2018 தையில் சென்னையிற் காலமானார். துள்ளிசையின் செழிப்பான காலத்தைக் கணக்கிட்டால் பத்தாண்டுக்குச் சற்று மேற்படும், அவ்வளவே.

உலக அரங்கிலும் ஒரு பாட்டோடு மறைந்தோர் உளர். அமெரிக்காவின் நெப்ராஸ்காவைச் சேர்ந்த செகர், எவன்ஸ் என்னும் இருவர் 1969இல் 2525ஆம் ஆண்டைப் பற்றிய பாட்டொன்றைப் பாடினர். மனிதன் சந்திரனிற் காலடி வைத்த வாரத்தில் அமெரிக்காவிலே முதலிடத்தில் இருந்தது அப்பாட்டே. பின்னர் அவர்களின் வேறெந்தப் பாட்டும் அப்பட்டியலில் ஏறவில்லை. அவர்களை மறக்கச் செய்தது சந்தையின் மாறும் சுவை. அவர்களது தட்டுகள் நூலகங்களில் இருக்கின்றன. விரும்புவோர் எடுத்துக் கேட்கலாம். ஈழத்துத் துள்ளிசைக்காரரின் நிலை அதுவன்று. அவர்களைப் பொறுத்தவரை சுவை மாறுவதற்கு அவகாசம் இருக்கவில்லை. கேட்கும் கருவியும் கேட்பவன் வீடும் அதற்குமுன் போய்விட்டன.

1990 ஆனியிலே போர் மீண்டும் மூண்டபோது யாழ்தேவி நின்றது. ஆனையிறவுப் பாதையும் மூடப்பட்டது. மக்கள் கிளாலிக் கடனீரேரியை இரவிலே படகிற் கடந்தனர். குடாநாட்டிலே மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருட்களுள் ஒன்று. துவிச்சக்கரவண்டியின் பின்சில்லை நிறுத்தி உருட்டி, தைனமோவினாற் பிறந்த மின்னைக் கொண்டு வானொலிச் செய்தி கேட்டார்கள். மிதிப்பவன் களைத்தால் குரலும் தேயும். அந்த மின்னிலே இசைத்தட்டுச் சுழற்ற எவரும் நினைத்திரார். 1991இலும் 2000இலும் ஆனையிறவிலே பெருஞ்சமர்கள் நிகழ்ந்தன. தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. வன்னியின் பாட்டு எழுச்சிப் பாட்டாயிற்று. ஆனையிறவு என்ற பெயரே அப்பாட்டுகளில் வேறொரு பொருளோடு ஒலித்தது. வீடுகளிலே பேணப்பட்ட தட்டுகள், ஓர் இடப்பெயர்விலே தப்பினால் அடுத்ததிலே விடப்பட்டன. அரிசியும் பிள்ளையும் தூக்கிச் செல்பவன் இசைத்தட்டைத் தூக்கமாட்டான்.

இன்று இப்பாடல்களில் எஞ்சியவை பெரும்பாலும் புலம்பெயர்ந்தோர் வீடுகளிலிருந்தும் கொழும்புச் சேகரிப்பாளரிடமிருந்தும் கிடைத்த பிரதிகளே. யார் எழுதினார், யார் கிற்றார் வாசித்தார், எந்தக் கலையகத்திலே ஒலிப்பதிவு நடந்தது என்ற விபரங்கள் பலவற்றுக்குத் தட்டின் உறையே ஆதாரம். உறை தொலைந்தால் அவையும் தொலைந்தன. அக்குழுக்களில் மேளம் தட்டியவர்களும் பின்னணி பாடியவர்களும் இன்று எழுபதையும் எண்பதையும் கடந்த முதியோர். பல்கலைக்கழகங்களில் நாட்டார் பாடல் தொகுப்பதற்கு ஒலிப்பதிவுக் கருவியோடு கிராமஞ் செல்லும் மாணவர்கள், தாலாட்டையும் ஒப்பாரியையும் கேட்டு எழுதிய பின்னர் அதே திண்ணையிலிருக்கும் முதியவரிடம் யாழ்தேவியில் என்ன பாடினீர்கள் என்றும் கேட்பார்களாயின், அவர் முதலில் வெட்கப்படுவார்; பிறகு பாடுவார்.

2014 ஐப்பசியிலே யாழ்ப்பாணத்துக்கான புகையிரத சேவை மீண்டும் தொடங்கியது. வண்டி பரந்தனைக் கடந்து நீர்ப்பரப்பின் நடுவே ஏறுகின்றது. பெட்டியிலுள்ள இளைஞர் பலரின் காதுகளிலே சிறு கருவிகள். ஒவ்வொருவரும் தத்தமக்குரிய பாட்டைத் தனித்தனியே கேட்டுக்கொண்டு ஆனையிறவைக் கடக்கின்றனர்.