சத்திரசிகிச்சைக் காலக் குருதியுறைவுத் தடுப்பு

சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் நோயாளியின் நாளங்களில் குருதி உறைந்து கட்டியாவதைத் தவிர்ப்பதற்கு மேற்கொள்ளப்படும் மருத்துவ நடவடிக்கைகளின் தொகுப்பே சத்திரசிகிச்சைக் காலக் குருதியுறைவுத் தடுப்பு ஆகும். காலின் ஆழத்தில் ஓடும் நாளங்களில் தோன்றும் கட்டி ஆழ்நாளக் குருதியுறைவு எனப்படும். அக்கட்டி பிரிந்து இதயத்தின் வழியே சென்று நுரையீரல் நாடியை அடைப்பது நுரையீரல் தக்கையடைப்பு எனப்படும். இது சில நிமிடங்களிலேயே உயிரைப் பறிக்கவும் கூடும்.

குருதியோட்டம் தளர்தல், நாளச்சுவர் சேதமடைதல், குருதியின் உறையும் தன்மை மிகுதல் ஆகிய மூன்றும் குருதியுறைவின் அடிப்படைக் காரணங்களாகும். ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோவின் பெயரால் வழங்கும் இம்மும்மை, மயக்க மருந்தில் அசைவற்றுக் கிடந்து, திசு வெட்டுண்டு, பின்னர் படுக்கையில் தங்கும் நோயாளியிடம் ஒருங்கே அமைந்துவிடுகிறது. முதுமை, புற்றுநோய், உடற்பருமன், முன்னர் ஏற்பட்ட குருதியுறைவு, இடுப்பு அல்லது முழங்கால் மூட்டு மாற்றம் ஆகியவை ஆபத்தை மேலும் கூட்டுகின்றன.

இந்திய வம்சாவளியைச் சேர்ந்த சத்திரசிகிச்சை நிபுணர் வி. வி. கக்கர் இலண்டனிலிருந்து வழிநடத்தி, 1975இல் ‘லான்செட்’ இதழில் வெளியான பன்னாட்டு ஆய்வு இத்துறையின் திருப்புமுனையாகும். அதில் பங்கேற்ற 4,121 நோயாளர்களுள், குருதி உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தைக் குறைந்த அளவில் பெற்ற பிரிவில் இருவரும், பெறாத பிரிவில் பதினாறு பேரும் நுரையீரல் தக்கையடைப்பால் இறந்தனர். இக்காலத்தில், நாளொன்றுக்கு ஒருமுறை தோலடியில் ஏற்றப்படும் எனொக்சாபாரின் போன்ற மருந்துகள் பரவலாகப் பயன்படுகின்றன. குருதிக்கசிவு அபாயம் உள்ளவர்களுக்கு அழுத்தக் காலுறையோ, காற்றால் காலை விட்டுவிட்டு அழுத்தும் கருவியோ பரிந்துரைக்கப்படுகிறது. இயன்றவரை விரைவில் எழுந்து நடப்பது அனைவருக்கும் இன்றியமையாதது.

கட்டி உருவாகும் ஆபத்து வீடு திரும்பிய பின்னரும் பல வாரங்கள் நீடிப்பதால், இடுப்பு மூட்டு மாற்றத்திற்குப் பின் 35 நாள் வரையிலும், வயிற்றுப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சைக்குப் பின் நான்கு வாரங்கள் வரையிலும் தடுப்பு மருந்து தொடரப்படுவதுண்டு. இலங்கையில் கண்டி தேசிய வைத்தியசாலையிலோ பேராதனை போதனா வைத்தியசாலையிலோ சிகிச்சை பெற்று, பன்வில மலைப்பகுதியில் உள்ள தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களுக்குத் திரும்புவோருக்கும் இத்தொடர் தடுப்பு மிகவும் பொருந்தும். மருந்தின் அளவும் முடிவுநாளும் நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் அவர்களது மொழியிலேயே விளக்கப்பட வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அதனை எண்ணெய் தேய்த்து உருவாமல் உடனே வைத்தியரிடம் காட்டவேண்டும். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் குருதி ஆகியவை தோன்றினால் தாமதமின்றி 1990 என்ற எண்ணில் ‘சுவசெரிய’ இலவச அம்புலன்ஸ் சேவையை அழைத்தல் வேண்டும்.